கிருமி போகவில்லை என்று அம்மாவைச் சேர்க்க மறுக்கும் முதியோர் இல்லம்

அம்மாவுக்கு வயது 78. பக்கவாதம், சர்க்கரை நோய், நிரந்தரச் சிறுநீர்க் குழாய். கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஜூனில் குளிரும் காய்ச்சலும். சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் உட்பட ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் எதிரே ‘ஆர்’, அதாவது கிருமி அதற்கு அடங்காது. கொலிஸ்டின் ஊசியில் காய்ச்சல் தணிந்தது, குழாயையும் மாற்றினார்கள். மறு கல்ச்சரிலும் அதே கிருமி.

அறிகுறி இல்லாதபோது மருந்து வேண்டாம் என்கிறார் மருத்துவர். தேவையில்லாத மருந்து கிருமியை இன்னும் முரடாக்கும். இல்லமோ கல்ச்சர் சுத்தமானால்தான் சேர்ப்போம் என்கிறது. அதே இல்லத்தில் ஒரே கையுறையுடன் அடுத்தடுத்த கட்டில்களின் சிறுநீர்ப் பைகளைக் காலி செய்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பையைக் காலி செய்ய ஆளுக்கொரு குவளை, கட்டிலருகே கைசுத்தி திரவம் கேட்டேன். மருத்துவரின் கடிதமும் கொடுத்தேன். பலனில்லை. இப்போது அம்மா வீட்டில்; நான் வேலைக்குப் போக முடியவில்லை.

இப்படிப்பட்டவரை உரிய தடுப்பு முறைகளோடு ஏற்றுப் பராமரிக்கும் இல்லம் கோவை, திருப்பூர் பக்கம் எங்கே இருக்கிறது?