561 பகா எண் என்று என் நிரல் அடம்பிடிக்கிறது. பிழை எங்கே?

எண்தேடி:
வணக்கம். 10 லட்சம் வரையுள்ள பகா எண்களை எண்ண ஒரு நிரல் எழுதினேன். சோதனை ஃபெர்மாவின் சிறு தேற்றம்தான்: a-வை n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். a-க்கு 2, 5, 7 மூன்றையும் போடுகிறேன். விடை 78,498 வர வேண்டும், கூடுதலாக வருகிறது. சரியான பட்டியலோடு ஒப்பிட்டதில் முதலில் இடிப்பது 561. இலக்கங்களைக் கூட்டினால் 12, ஆக 3-ஆல் வகுபடும் என்று கண்ணாலேயே தெரிகிறது! 13, 19 போட்டாலும் மீதி 1. ஆனால் 3 போட்டால் மட்டும் 375. பெருக்கும்போது எண் கணினி ஒதுக்கிய பிட்டுகளில் அடங்காமல் வழிந்து போகிறதோ? இரண்டு நாளாக இதே வரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மீதிக்கணக்கு:
உங்கள் நிரலில் தவறே இல்லை. அத்தனை மீதியும் சரி, 375 உட்பட. 561-இன் குணமே அதுதான்.

561 = 3 × 11 × 17. ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் கழித்தால் 2, 10, 16. இவை மூன்றுமே 560-ஐ மீதியின்றி வகுக்கின்றன. அதனால் a-க்கும் 561-க்கும் பொதுக் காரணி இல்லாதவரை, a-இன் 560-ஆம் அடுக்கு 3, 11, 17 ஒவ்வொன்றாலும் வகுக்கும்போது மீதி 1 தரும். அப்படியானால் 561-ஆல் வகுத்தாலும் 1தான். 3 அதன் காரணி, அதனால்தான் அங்கே மட்டும் குட்டு உடைந்தது. 11, 17 போட்டாலும் உடையும்.

இவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561தான் மிகச் சிறியது, அடுத்தவை 1105, 1729. (ஆம், ராமானுஜனின் அதே 1729!) உங்கள் நிரல் 1105-ஐப் பிடித்திருக்கும், 5 அதன் காரணி என்பதால் மட்டும். இப்படிப்பட்டவை முடிவில்லாமல் உண்டு என்று 1994-இல் நிறுவிவிட்டார்கள். ஆகவே நாலைந்து a-க்களைக் கூட்டிப் போட்டு மட்டும் தப்பிக்க முடியாது.

சல்லடை:
10 லட்சம்தானே? எரடோஸ்தனிஸ் சல்லடை (ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துவிடும் முறை) போடுங்கள், நொடியில் முடியும்.

எண்தேடி:
சல்லடை தெரியும் ஐயா. பிறகு பெரிய எண்களுக்குப் போக வேண்டும், அதனால் இந்த வழியையே சரிசெய்யப் பார்க்கிறேன்.

மீதிக்கணக்கு:
அப்படியென்றால் மில்லர்–ராபின் சோதனை, ஃபெர்மா சோதனையையே இன்னும் கூர்மையாக்கியது. 560 = 16 × 35 அல்லவா? நேராக 560-ஆம் அடுக்குக்குப் போகாமல், a-இன் 35-ஆம் அடுக்கில் தொடங்கி மீதியை வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள். a = 2 எனில் மீதிகள்:

263, 166, 67, 1

அந்த 67-ஐப் பாருங்கள். பகா எண்ணாக இருந்தால், வர்க்கம் 1 ஆகும் மீதி 1 அல்லது −1 (அதாவது n−1, இங்கே 560) மட்டுமே. 67 இரண்டும் இல்லை, ஆக 561 பகு எண். 67-உடன் ஒன்றைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் காரணியும் கையோடு வருகிறது: 68-க்கும் 561-க்கும் மீ.பொ.வ. 17, 66-க்கும் 561-க்கும் 33. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

2 மட்டும் போதாது, 2047 ஏமாற்றிவிடும். 2, 3 இரண்டும் சேர்ந்தால் முதலில் ஏமாறுவது 13,73,653-இல்தான். உங்கள் எல்லைக்குத் தாராளம். வழிதல் 561-இல் வராது, ஆனால் 10 லட்சத்தை நெருங்கும்போது பெருக்கல் 32 பிட்டில் அடங்காது. 64 பிட் வையுங்கள்.

எண்தேடி:
மாற்றிவிட்டேன். 78,498 சரியாக வந்தது! மீதிகளை அச்சிட்டுப் பார்த்தேன், அந்த 67 அப்படியே வந்து நின்றது. மிக்க நன்றி ஐயா.