பிராக்ஸ்மாக்ஸ் சர்வர்: இரவு பேக்கப் ஓடும்போது நெட்வொர்க் கார்டு நின்றுபோகிறது, "டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்" என்று வருகிறது

தறிக்காரன்:
வணக்கம். எங்களுடையது சின்ன அலுவலகம். பழைய பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்றில் பிராக்ஸ்மாக்ஸ் 8 (ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு மூன்று வீஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டுகிறோம். கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், ஃபைல் ஷேருக்கு ஒரு டெபியன், டிஎன்எஸ்ஸுக்கு ஒரு குட்டி வீஎம்.

பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. இரவில் நாஸுக்கு (நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டி) பேக்கப் போக ஆரம்பித்ததும் சில நாட்களில் நெட்வொர்க் அப்படியே செத்துவிடுகிறது. வெப் பக்கம் திறக்காது, எஸ்எஸ்எச் வராது, பிங் கூடப் போகாது. ஆனால் மானிட்டரை மாட்டிப் பார்த்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, கார்டில் லைட்டும் எரிகிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சில சமயம் திரும்பி வரும், இல்லாவிட்டால் ரீபூட்தான். கேபிளை மாற்றியாயிற்று, ஸ்விட்சில் போர்ட்டையும் மாற்றியாயிற்று.

திரையில் இரண்டு விநாடிக்கு ஒரு முறை வந்துகொண்டே இருப்பது இது (தமிழ் கீபோர்டில் தட்டுவதால் உச்சரிப்பாகவே எழுதுகிறேன்):

இ1000இ இஎன்ஓ1: டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்
டிடிஎச் <72>
டிடிடி <98>
நெக்ஸ்ட் டு யூஸ் <98>
நெக்ஸ்ட் டு க்ளீன் <71>
மேக் ஸ்டேட்டஸ் <80083>

கார்டு போய்விட்டதா, சாஃப்ட்வேர் கோளாறா? புது மெஷின் வாங்கச் சொன்னால் முதலாளி என்னைத்தான் பார்ப்பார்.

டெர்மினல்_வாசி:
கார்டு போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். மூன்று விஷயம் சொல்லுங்கள்.

முதலில், எல்எஸ்பிசிஐ -என்என்கே அடித்தால் ஈதர்நெட் கன்ட்ரோலர் என்ற இடத்தில் எந்த சிப் பெயர் வருகிறது? இரண்டாவது, பழைய பூட்டின் லாக். ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 கொடுத்து, ஹேங் வரிகளுக்குப் பிறகு "நெட்டெவ் வாட்ச்டாக்: டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்ட் அவுட்", "ரீசெட் அடாப்டர்" என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம். நெட்வொர்க் நின்றிருக்கும்போது ஒரு வீஎம்மின் கன்சோலுக்குள் போய், அதே ஹோஸ்டில் (வீஎம்களைத் தாங்கும் நிஜ மெஷின்) இருக்கும் இன்னொரு வீஎம்முக்கு பிங் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. வீஎம் அமைப்பில் நெட்வொர்க் மாடல் என்று இ1000 என ஒன்று இருக்கும். அது வீஎம்முக்குக் காட்டப்படும் போலிக் கார்டு. உங்கள் லாக்கில் வரும் இ1000இ என்பது ஹோஸ்டில் இருக்கும் நிஜக் கார்டின் டிரைவர், இஎன்ஓ1 என்பது அந்தக் கார்டின் பெயர். பெயர் ஒற்றுமையைப் பார்த்து வீஎம் பக்கம் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அங்கே விர்ட்ஐஓதான் (வீஎம்முக்கென்றே செய்த போலிக் கார்டு) இருக்க வேண்டும், ஆனால் அது வேறு கதை.

தறிக்காரன்:
நன்றி அண்ணா. சிப் ஐ219-எல்எம், போர்டிலேயே இருப்பது. டிரைவர் இ1000இ, கெர்னல் 6.8. லாக்கில் வாட்ச்டாக் வரியும் இருக்கிறது, "ரீசெட் அடாப்டர் அன்எக்ஸ்பெக்டட்லி" என்ற வரியும் இருக்கிறது. நேற்று இரவு மறுபடி நின்றது, அப்போதே சோதித்தேன். ஃபைல் வீஎம்மிலிருந்து டிஎன்எஸ் வீஎம்முக்கு பிங் போகிறது. வெளியே மட்டும்தான் எதுவும் போகவில்லை.

வயர்மேன்:
இது ரொம்பப் பழைய வியாதி. கெர்னல் வரியில் பிசிஐஇ ஏஎஸ்பிஎம் (கார்டு இணைப்பின் மின்சேமிப்பு) ஆஃப், சி-ஸ்டேட் (சிபியூவின் தூக்க நிலை) 1-க்கு மேல் போகாமல் வையுங்கள். எத்டூலில் (கார்டு அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டளை) டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ, எஸ்ஜி, ஆர்எக்ஸ், டிஎக்ஸ் எல்லாம் ஆஃப். பயோஸில் பவர் சேவிங் எல்லாம் ஆஃப். வேலை முடிந்தது.

பாக்கெட்_பொறுக்கி:
வயர்மேன் சொன்னதில் மருந்தும் இருக்கிறது, தேவையில்லாததும் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்தால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த கெர்னல் அப்டேட்டில் மறுபடி வந்தால் திரும்ப முதலிலிருந்து தேட வேண்டியதுதான். இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் மெஷினில் சி-ஸ்டேட்டைக் கட்டிப்போட்டால் கரண்ட் பில்லும் சூடும் ஏறும்.

லாக்கையே படித்துப் பார்ப்போம், அதில் நிறையச் செய்தி இருக்கிறது.

அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை டிரைவர் ஒரு வளையத்தில் வரிசையாக வைக்கிறது. இ1000இயில் வழக்கமாக அந்த வளையத்துக்கு 256 இடம். டிரைவர் அடுத்துக் கொடுக்கப்போகும் டோக்கன் எண் டிடிடி. கவுண்டரில் கார்டு இப்போது கூப்பிட வேண்டிய எண் டிடிஎச். உங்கள் லாக்கில் டிடிஎச் 72, டிடிடி 98, இரண்டும் ஹெக்ஸ் (16-அடிமான) கணக்கு. அதாவது 38 இடம் காத்திருக்கிறது, கார்டு அசையவில்லை. ஒவ்வொரு இரண்டு விநாடிக்கும் அதே 72 வருகிறது என்றால் அனுப்பும் பக்கம் உறைந்துவிட்டது என்று பொருள்.

மேக் (கார்டில் பாக்கெட்டை அனுப்பிப் பெறும் பகுதி) ஸ்டேட்டஸ் 80083 என்பதில் கடைசி 83-ஐப் பாருங்கள். லிங்க் இருக்கிறது, ஃபுல் டூப்ளெக்ஸ், வேகம் 1000 எம்பிபிஎஸ். அதனால்தான் லைட் எரிகிறது. கேபிளும் ஸ்விட்சும் குற்றவாளி இல்லை என்று இந்த ஒரு எண்ணே சொல்லிவிடுகிறது.

வீஎம்மிலிருந்து வீஎம்முக்கு பிங் போனதும் இதற்குப் பொருந்துகிறது. அந்தப் போக்குவரத்து விஎம்பிஆர்0 பிரிட்ஜுக்குள்ளேயே (வீஎம்களையும் கார்டையும் இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்), கெர்னலின் மெமரியிலேயே முடிந்துவிடும். நிஜக் கார்டைத் தொடுவதே இல்லை. பிரிட்ஜும் ஃபயர்வாலும் சரியாக இருக்கின்றன.

சரி, ஏன் பேக்கப்பின்போது மட்டும்? டிஎஸ்ஓ என்பது டிசிபி தரவை வெட்டும் வேலையைக் கார்டிடம் ஒப்படைப்பது. கெர்னல் 64 கேபி வரை ஒரே துண்டாகக் கொடுத்துவிடும். 1500 எம்டியூவுக்கு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) ஏற்றபடி அதை 40-க்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளாக வெட்டி அனுப்புவது கார்டின் பொறுப்பு. பகலில் நாலு பேர் ஃபைல் திறப்பதில் பெரிய துண்டுகள் எப்போதாவதுதான் வரும். பேக்கப்பில் ஹோஸ்டிலிருந்து நாஸுக்கு மணிக்கணக்கில் பெரிய துண்டுகளாகவே கொட்டும். இந்தக் குடும்பத்து சிப்புகள் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. விர்ட்ஐஓ வீஎம்களும் பெரிய துண்டுகளை அப்படியே பிரிட்ஜ் வழியாகக் கார்டு வரை தள்ளும். அதனால்தான் சாதாரண டெஸ்க்டாப்பாக ஓடியபோது வாலாட்டாத கார்டு, வீஎம் ஹோஸ்டாக மாறியதும் தகராறு செய்கிறது.

இதை மட்டும் முதலில் கொடுங்கள் (ஜிஎஸ்ஓ என்பது அதே வெட்டும் வேலையைக் கெர்னலே கடைசி நேரத்தில் செய்வது):

எத்டூல் -கே இஎன்ஓ1 டிஎஸ்ஓ ஆஃப் ஜிஎஸ்ஓ ஆஃப்

இங்கே கே பெரிய எழுத்து. சின்ன எழுத்து கே கொடுத்தால் நிலையைக் காட்டும், மாற்றாது. ரீபூட் வேண்டாம், உடனே அமலாகும்.

ஏஎஸ்பிஎம் விஷயம் பொய்யில்லை. அது 82574எல் என்ற பழைய தனி சிப்போடு ஒட்டிய வியாதி. ஐ219-இல் மேக் பகுதி சிப்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அதை முதல் சந்தேகமாக எடுக்க மாட்டேன்.

வயர்மேன்:
விளக்கம் நன்று. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் நின்றால் நான் எல்லாவற்றையும்தான் அணைப்பேன். ஆராய்ச்சியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

பாக்கெட்_பொறுக்கி:
காலையில் யாரும் பார்ப்பதில்லை, அதுதான் சிக்கல் :)

தறிக்காரன்:
அண்ணா, கட்டளை கொடுத்துவிட்டு பேக்கப்பைக் கையால் ஓட்டினேன். முழுதாக முடிந்தது, லாக்கில் ஒரு ஹேங் வரி கூட இல்லை. இப்போது இரண்டு கேள்வி. ரீபூட் ஆனால் இது போய்விடுமே, எங்கே எழுதி வைப்பது? வெட்டும் வேலை சிபியூவுக்கு வந்துவிட்டதே, வீஎம்கள் மந்தமாகுமா?

டெர்மினல்_வாசி:
இன்டர்ஃபேஸஸ் ஃபைலில் (இடிசி, நெட்வொர்க் ஃபோல்டருக்குள்) இஎன்ஓ1 பகுதிக்குக் கீழே ஒரு வரி:

ஐஃபேஸ் இஎன்ஓ1 ஐநெட் மேனுவல்
    போஸ்ட்-அப் எத்டூல் -கே இஎன்ஓ1 டிஎஸ்ஓ ஆஃப் ஜிஎஸ்ஓ ஆஃப்

கட்டளையில் விஎம்பிஆர்0 என்று எழுதிவிடாதீர்கள். அணைக்க வேண்டியது நிஜக் கார்டில். சேமித்தபின் ஐஎஃப்ரீலோட் -ஏ கொடுங்கள். பிறகு சின்ன கே போட்டு "டிசிபி-செக்மென்டேஷன்-ஆஃப்லோட்: ஆஃப்" என்று வருகிறதா பாருங்கள். வேலை இல்லாத நாளில் ஒரு முறை ரீபூட் செய்து அதையே திரும்பவும் பாருங்கள். பலர் ஃபைலில் எழுதியதோடு நிறுத்திவிடுவார்கள், ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அடுத்த ரீபூட்டில் பழைய கதைதான்.

சிபியூ பற்றிக் கவலை வேண்டாம். ஒரு ஜிகாபிட் லைன் முழுதாக நிரம்பினாலும் 1500 எம்டியூவில் விநாடிக்குச் சுமார் 81,000 பாக்கெட்தான். இப்போதைய சிபியூவின் ஒரு கோர் அதைச் சமாளிக்கும். 10 ஜிகாபிட் என்றால் யோசித்திருப்பேன்.

பேக்கப்புக்காக இரவு வரை காத்திருக்காமல், வேறொரு மெஷினில் ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகத்தைச் சோதிக்கும் கருவி) சர்வர் ஓடவிட்டு, ஹோஸ்டிலிருந்து -டி 600 -பி 4 கொடுத்துப் பத்து நிமிடம் அடித்துப் பாருங்கள் (டி சின்னது, பி பெரியது). பக்கத்திலேயே ஜர்னல்சிடிஎல் -கேஎஃப் திறந்து வையுங்கள்.

மாடிவீட்டு_லேப்:
இதே மாதிரி எனக்கும் நிற்கிறது, ஆனால் டிரைவர் ஆர்8169. இதே வரியைப் போடலாமா?

பாக்கெட்_பொறுக்கி:
அது வேறு சிப், வேறு டிரைவர். இந்த டிடிஎச், டிடிடி வரிகள் உங்கள் லாக்கில் வராது. தனி இழை திறந்து லாக்கைப் போடுங்கள், பார்க்கலாம்.

ரிமோட்_ராணி:
என்னுடைய சர்வர் வேறு ஊரில் இருக்கிறது, கேபிளைப் பிடுங்க ஆள் இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை கேட்வேக்கு பிங் கொடுத்து, போகாவிட்டால் இன்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்யும் ஸ்கிரிப்டை கிரானில் (நேரப்படி வேலைகளை ஓட்டும் வசதி) போட்டிருக்கிறேன். தவறா?

பாக்கெட்_பொறுக்கி:
தவறில்லை அக்கா, தூரத்து மெஷினுக்கு அது தேவையும்கூட. ஆனால் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை தட்டியெழுப்பும்போதும் லாக்கில் ஒரு வரி எழுதச் செய்யுங்கள். இல்லையென்றால் கார்டு அடிக்கடி நிற்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். டிரைவரையே கழற்றி மாட்டும் வழியை ஸ்கிரிப்டில் வைக்க வேண்டாம். கழற்றினால் கார்டு பிரிட்ஜிலிருந்து விழுந்துவிடும், ஐஎஃப்ரீலோட் கொடுக்கும்வரை திரும்பாது.

டிஎஸ்ஓ அணைத்தும் நிற்கிறது என்றால் அடுத்து இஇஇ எனப்படும் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள்: எத்டூல் --செட்-இஇஇ இஎன்ஓ1 இஇஇ ஆஃப். அதன் பிறகு பழைய கெர்னல். பிராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூலில் கெர்னல் பின் என்ற வசதி உண்டு, நன்றாக ஓடிய கெர்னலைக் கட்டிவைக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் காலி பிசிஐஇ ஸ்லாட்டில் ஐ210 அல்லது ஐ350 கார்டு ஒன்றை மாட்டிவிடுங்கள். அவற்றுக்கு ஐஜிபி டிரைவர். இந்தத் தலைவலியே வேறு வீட்டுக்குப் போய்விடும்.

டெர்மினல்_வாசி:
இந்த டிரைவரின் ஜாதகத்தில் இதைவிடப் பெரிய கண்டமெல்லாம் உண்டு. 2008-இல் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளில் இ1000இ கார்டுகளின் என்விஎம் மெமரியே (கார்டின் சொந்த அமைப்புகள் இருக்கும் இடம்) அழிந்து, கார்டு வெறும் தகடாகிப்போனது. டிரைவரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். கடைசியில் பார்த்தால் எஃப்டிரேஸ் என்ற வேறொரு கெர்னல் வசதி எழுதக்கூடாத இடத்தில் எழுதியிருந்தது.

தறிக்காரன்:
எழுதி வைத்து, ரீபூட் செய்து பார்த்துவிட்டேன், ஆஃப் என்றே வருகிறது. ஐபெர்ஃப்3 பத்து நிமிடமும் 940 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நின்றது. சிபியூவில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து பேக்கப் எல்லாம் ஒழுங்காக முடிகிறது.

ஒரே சந்தேகம். இணையத்தில் பலர் ஜிஆர்ஓவையும் சேர்த்து அணைக்கச் சொல்கிறார்களே, நானும் அணைக்க வேண்டுமா?

பாக்கெட்_பொறுக்கி:
வேண்டாம். ஜிஆர்ஓ உள்ளே வரும் பாக்கெட்டுகளைக் கெர்னலில் சேர்த்துக் கட்டுவது. உங்கள் கார்டு உறைந்தது அனுப்பும் பக்கம். ஆன் ஆகவே இருக்கட்டும். அடுத்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கார்டின் பெயர் இஎன்ஓ1 என்பதிலிருந்து மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மாறியிருந்தால் போஸ்ட்-அப் வரியிலும் மாற்ற வேண்டும்.