பழைய விண்டோஸில் மெயில் நின்றுபோனது உங்கள் வீட்டில் எப்படி?

வளவுவீட்டுப் பேரன்:
தேவகோட்டையில் ஐயாவின் விண்டோஸ் 7, அதில் லைவ் மெயில் என்ற மெயில் மென்பொருள். மீதி உங்களுக்கே தெரியும். ஒருநாள் காலையில் பாஸ்வேர்டு பெட்டி வந்து நின்றது. அடித்தார், போகவில்லை. மறுபடி அடித்தார். எனக்குப் போன் போட்டார். ஆபீஸ் அவசரத்தில் "தப்பா அடிச்சிருப்பீங்க ஐயா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொங்கலுக்குப் போனால், மானிட்டர் பக்கத்தில் ஒரு காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் அதே பாஸ்வேர்டை எட்டுத் தடவை எழுதிப் பார்த்திருக்கிறார். கணக்கு எழுதிய கை, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பழைய மென்பொருளிடம் வெறும் பாஸ்வேர்டு வாங்குவதை மெயில் கம்பெனிதான் நிறுத்தியிருந்தது. அந்தத் தாள் இன்னும் என் பர்சில் இருக்கிறது.

கண்டாங்கி ஆச்சி:
எங்கள் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி, மெயிலுக்கு அதோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ். மகள் சிங்கப்பூருக்குக் கல்யாணமாகிப் போன புதிதில் தினம் ஒரு மெயில் போடுவாள். சிஸ்டம் படுத்துவிட்டது என்று காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தோம். "மை டாக்குமெண்ட்ஸ் முழுக்கக் காப்பி எடுத்துட்டேன் ஆச்சி" என்றான் பையன். மெயில் அதில் இல்லை, மறைந்த ஃபோல்டர் ஒன்றுக்குள் இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்து திறந்தால் இன்பாக்ஸில் ஒரே ஒரு கடிதம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 6 உங்களை வரவேற்கிறதாம்!

ஆத்தங்குடிக் கல்:
பேரன் தம்பி, பாஸ்வேர்டு எழுதின தாளைப் பர்சில் வைத்துச் சுற்றலாமா? முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

எனக்கு நடந்தது சின்னது. கல் ஆர்டர் ஒன்று பழைய சிஸ்டத்துக்கு வராமலே போய்விட்டது, அவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் எல்லாரும் விண்டோஸைத் திட்டுவது சரியில்லை. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது, லைவ் மெயிலுக்கு அதற்கும் மூன்று வருஷம் முன்னாலேயே. இருந்தும் இரண்டும் ஓடிக்கொண்டுதானே இருந்தன? வீடு அப்படியேதான் நிற்கிறது, தெருமுனையில் பூட்டை மாற்றிவிட்டார்கள். புதுப் பூட்டுக்கு ஓஆத் என்று பெயர், மென்பொருளிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் மெயில் கம்பெனியின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி கொடுக்கும் முறை. லைவ் மெயிலுக்கு அது தெரியாது. தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளுக்குத் தெரியும். ஆனால் விண்டோஸ் 7-க்கு அதன் 115-ஆம் பதிப்புதான் கடைசி, எக்ஸ்பிக்கு 52-உடன் சரி. அடுத்து விண்டோஸ் 10-க்கும் இதே கதைதான், 2025 அக்டோபர் 14-இல் அதற்கும் ஆதரவு முடிந்தது.

அதனால் மென்பொருளைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கடிதங்களைக் காப்பாற்றுங்கள். லைவ் மெயிலில் ஒவ்வொரு மெயிலும் தனித்தனி இஎம்எல் கோப்பு. ஃபோல்டரோடு பென் டிரைவில் போட்டால் போதும், பின்னால் எதிலாவது திறக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ்தான் வம்பு. ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே டிபிஎக்ஸ் கோப்பு, 2 ஜிபியைத் தொட்டால் கெட்டுப்போகும். ஐயாவுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுங்கள், ஒரு மணி நேர வேலை.

வளவுவீட்டுப் பேரன்:
அண்ணே, ஐயாவுக்கு வயது 84. லினக்ஸ் எல்லாம் கேட்டேனா? அவருடைய மெயில் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. "தப்பா அடிச்சிருப்பீங்க" என்று சொன்னதைத்தான் எழுத வந்தேன். இப்போது வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடுகிறார். மெயில் பேச்சை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

ஆத்தங்குடிக் கல்:
சரி தம்பி, விடுங்கள். ஆச்சி, கடையில் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்த பிறகு அந்த ஹார்டு டிஸ்கில் நிறைய ஏற்றினீர்களா? ஏற்றவில்லை என்றால் பழைய டிபிஎக்ஸ் அடியில் கிடக்க வாய்ப்பு உண்டு. தயவுசெய்து அதைச் சிஸ்டத்தில் மாட்டி ஆன் மட்டும் செய்யாதீர்கள்.

கண்டாங்கி ஆச்சி:
அந்த வரவேற்புக் கடிதத்தைப் பார்த்ததோடு மூடியதுதான். டிஸ்கைக் கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மகள் சித்திரையில் வருகிறாள்.