சீக்கோ 5: முன்மாதிரியா, டயல் மாற்றியதா?

கடற்காற்று:
திருகோணமலையில் மணிக்கூடு திருத்தும் ஒரு ஐயாவிடம் செம்மஞ்சள் டயலோடு சீக்கோ 5 கைமணிக்கூடு ஒன்று பார்த்தேன். பின்மூடியில் இயந்திர எண் 6309, தொடர் எண் 53 என்று தொடங்குகிறது. கடைக்கே வராத முன்மாதிரியாம், 25,000 ரூபாய் கேட்கிறார். நேற்றிலிருந்து அதே நினைப்புதான், வாங்கலாமா?

பழையமுள்:
தம்பி, தொடர் எண்ணில் 5 ஆண்டின் கடைசி இலக்கம், 3 மாதம். 6309 இயந்திரம் எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் வந்தது, ஆகவே 1985 மார்ச். ஆனால் அது டயலைப் பற்றி எதுவும் சொல்லாது. லென்ஸ் வைத்து டயலின் அடி விளிம்பைப் பாருங்கள், பொடி எழுத்தில் 6309 இருக்க வேண்டும். எழுத்து தடித்து ஓரம் கசிந்திருந்தால் மறுபூச்சு.

உப்புவெளியான்:
முன்மாதிரி வெளியே வருவதே அபூர்வம். விழுந்தாலும் உடையாத கேசியோ ஜி-ஷாக் மணிக்கூட்டுக்காக அதன் பொறியாளர் கிகுவோ இபே ஏறக்குறைய 200 முன்மாதிரி செய்து மாடி ஜன்னலால் போட்டுப் பார்த்தார், 1983இல்தான் விற்பனைக்கு வந்தது. அப்புறம், எதை வாங்கினாலும் பின்மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள், நம்ம ஊர் உப்புக்காற்று உள்ளே போனால் முள்ளெல்லாம் துருதான்.

கடற்காற்று:
பார்த்தேன் அண்ணை, விளிம்பில் 7009 என்று இருக்கிறது. வேறு மணிக்கூட்டு டயல். சரி, 6,000 என்றால் எடுப்பேன், அந்த நிறம் அவ்வளவு அழகு.