ஊட்டியில் ஹீமோகுளோபின் 12.6 என்றால் நார்மலா? (மகள், 14 வயது)

ஃபெர்ன்ஹில்_அம்மா:
மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காலையில் ஒரு டம்ளர் டீ, ரெண்டு வர்க்கி, அவ்வளவுதான். மதியம் கொடுத்துவிடும் தயிர்சாதம் பாதி திரும்பி வரும். சாயங்காலம் மறுபடி டீ. ஏத்தம் ஏறினாலே மூச்சு வாங்குது. அரிசி டப்பாவைத் திறந்து பச்சரிசியை அள்ளி மெல்லுகிறாள். லேபில் ஹீமோகுளோபின் 12.6, 'நார்மல்' என்று போட்டிருக்கிறார்கள். பீட்ரூட்டும் பேரீச்சையும் கொடுக்கிறேன். மாத்திரை வாங்கி ஆரம்பிக்கலாமா?

லேப்_குன்னூர்:
அக்கா, அந்த 'நார்மல்' சமவெளிக் கணக்கு. மலையில் காற்றழுத்தம் குறைவு, கிடைக்கிற ஆக்சிஜனும் குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலா உண்டாக்கும். அதனால ரீடிங்கில் கொஞ்சம் கழிச்சுத்தான் பார்க்கணும். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் கொடுத்த அட்டவணைப்படி 2000–2499 மீட்டருக்கு 1.4 கிராம், 1500–1999-க்கு 1.1, 1000–1499-க்கு 0.8. ஊட்டி சுமார் 2240 மீட்டர். 12.6-ல் 1.4 போனா 11.2. இந்த வயசுக்கு 12-க்குக் கீழே வந்தாலே ரத்தசோகை. லேசானதுதான், ஆனா இருக்கு. கொடைக்கானலுக்கும் இதே 1.4; எங்க குன்னூருக்கு 1.1.

பச்சரிசி மெல்லுறதை விளையாட்டா விடாதீங்க, இரும்புச்சத்துக் குறைவில் அடிக்கடி பார்க்கிற அறிகுறி அது. ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புக் கையிருப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) பாருங்க. 15-க்குக் கீழே வந்தா கையிருப்பு காலின்னு அர்த்தம். சளி, காய்ச்சல் இருக்கும்போது எடுக்காதீங்க, அளவு பொய்யா ஏறிக் காட்டும்.

டயட்_கோத்தகிரி:
முதல்ல பீட்ரூட்டை விடுங்க. நிறம்தான் சிவப்பு, 100 கிராமில் இரும்பு 1 மில்லிகிராம்கூட இல்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி 13–15 வயசுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் வேணும், அதே வயசுப் பையனுக்கு 22. கொள்ளில் 100 கிராமுக்கு எட்டுக்கு மேல, கம்பில் ஆறு, ராகியில் நாலரை. ராகியில் கால்சியமும் 350 பக்கம் இருக்கு.

சாப்பிட்டதை உடம்பில் சேரவிடாம பண்றது அந்த டீ. அதில் இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சுக்கும். சாப்பாட்டோட குடிச்சா உறிஞ்சுறது பாதிக்கு மேல குறையும். டீயை நிறுத்தச் சொல்லலை (ஊட்டிக் குளிரில் யார் கேட்பாங்க!). சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் கொடுங்க. பாலும் அப்படித்தான். தயிர்சாதத்துக்குப் பதிலா கொள்ளுப் பொடியும் நெய்யும் பிசைஞ்ச சாதம், ஒரு முட்டை, அரை கொய்யா. கொய்யாவில் இருக்கிற வைட்டமின் சி இரும்பை நல்லா ஏத்தும். எலுமிச்சம்பழத்தைக் கொதிக்கிற சாம்பாரில் பிழியாதீங்க, இறக்கின பிறகு பிழியுங்க.

கூடலூர்_நர்ஸ்:
மாத்திரையை நீங்களா ஆரம்பிக்க வேணாம். கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற பரம்பரை நோய்) இருக்கு. அந்த ரத்தசோகைக்கு இரும்புக்குறைவு காரணமில்லை. டெஸ்ட் பண்ணாம மாதக்கணக்கில் இரும்பு கொடுத்தா தேவையில்லாம உடம்பில் தேங்கும். தலசீமியாங்கிற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணுவைச் சுமக்கிறவங்களுக்கும் (கேரியர்) இதே கதைதான்.

பள்ளியில் வாரம் ஒண்ணு கொடுக்கிற நீல மாத்திரை (60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) வராம தடுக்க. வந்த பிறகு அது மட்டும் போதாது, டாக்டர் தினசரி எழுதிக் கொடுப்பார். ராத்திரி சாப்பிட்ட பிறகு தண்ணியில் போடணும்; டீ, பாலோட கூடாது. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. அளவு ஏறினதும் நிறுத்திடாதீங்க, கையிருப்பு நிரம்ப இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும். பிப்ரவரி, ஆகஸ்டில் கொடுக்கிற அல்பெண்டசோல் 400 மி.கி. போட்டாளான்னும் கேளுங்க. கொக்கிப்புழு இருந்தா எதைத் தின்னாலும் நிக்காது.

ஃபெர்ன்ஹில்_அம்மா:
ரொம்ப நன்றி, ஃபெரிட்டின் எடுத்துட்டே டாக்டரிடம் போறோம். கொள்ளு முளைகட்டினா இங்கே குளிருக்கு முளைக்கிறதே இல்லை, வழவழன்னு நாறுது. ராஜ்மா செய்யலாமா?

டயட்_கோத்தகிரி:
வெதுவெதுப்பான தண்ணியில் 12 மணி நேரம் ஊறவச்சு, நல்லா வடிச்சு, ஈரத்துணியில் கட்டி ஹாட்பாக்ஸில் வையுங்க, பக்கத்தில் ஒரு சுடுதண்ணி பாட்டில். காலையும் மாலையும் அலசி வடிங்க. தண்ணி தேங்கினாதான் வழவழப்பு.

ராஜ்மா தாராளமா செய்யலாம், ஆனா திறந்த பாத்திரத்தில் வேண்டாம். ஊட்டியில் தண்ணி 92, 93 டிகிரியிலேயே கொதிச்சுடும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கிற லெக்டின்ங்கிற நச்சுப் புரதம் வாந்தி, வயித்துப்போக்குல கொண்டுவிடும். ராத்திரி முழுக்க ஊறவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில் குக்கரில் வையுங்க. விசில் வந்ததும் அடுப்பைக் குறைச்சு 20 நிமிஷம். விரலால் நசுக்கினா நடுவில் கட்டி இருக்கக்கூடாது.