பெரியப்பா நினைவு மலர்: 71 சண்டையைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி:
அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு வருஷத் திதி. ஊரில் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். இரண்டு பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்களுக்கு வேலூர் பக்கம். பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவத்தின் பொறியாளர் படை) இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1971 இந்திய-பாகிஸ்தான் சண்டையைப் பற்றிக் கேட்டால், "மண்ணைக் கிளறினோம், வேறென்ன" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஊருக்குத் தெரிந்த பெரியப்பா வேறு. காலையில் காபி குடித்த கையோடு திண்ணைக்கு வந்துவிடுவார். பட்டாளத்தில் இருந்தவர்களின் மனைவிமார் பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். குடும்ப ஓய்வூதிய மனு, பெயர்த் திருத்தம், ஈசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) அட்டை, எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகும். நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று. நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் பேங்குக்குக் கூட்டிப்போவார். ஆட்டோ காசும் அவருடையதுதான். அதற்காகப் பெரியம்மா திட்டாத நவம்பர் கிடையாது.

ட்ரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் கிடைத்தது. யூனிட் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட், மெடல் பட்டியலில் சங்ராம் மெடல், பச்சிமி ஸ்டார். 'வங்கதேச விடுதலைப் போரில் டாக்கா வரை சென்றவர்' என்று போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. நானும் சாப்பர்தான், சுபேதாராக வெளியே வந்தவன். கிழக்கே போனவர்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார். பச்சிமி ஸ்டார் மேற்கு எல்லையில் நின்றவர்களுக்கு.

9 இன்ஜினியர் அப்போது மேற்கு எல்லையில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்தது. 1971 டிசம்பர் 15 இரவு, ஆற்றங்கரைக் கண்ணிவெடி வயலில் நம் டாங்கிகளுக்குப் பாதை திறக்கும் வேலை அவர்களுடையது. பாதை முழுக்கத் திறக்கும் முன்பே பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் டாங்கிகள் துணிந்து உள்ளே இறங்கின. மறுநாள் சண்டையில்தான் அந்தப் படையின் இளம் அதிகாரி அருண் கேத்ரபால் உயிர்விட்டு பரம்வீர் சக்ரா பெற்றார். அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதே சண்டையில் இறந்து மகாவீர் சக்ரா பெற்ற 9 இன்ஜினியர் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரியை யாருக்குத் தெரியும்?

கண்ணிவெடியைக் கையால் தேடுவது எப்படி என்றால், குப்புறப் படுத்து, கம்பியை நேராகக் குத்தாமல் சாய்வாக மண்ணில் செலுத்த வேண்டும். ஏதாவது தட்டினால் நிறுத்தி, விரலால் மண்ணை விலக்க வேண்டும். அப்புறம் அடுத்த சாண். பெரியப்பா மண்ணைக் கிளறியது இதுவாக இருக்கலாம். ஆனால் யூனிட்டில் சேர்ந்த தேதியைப் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். புத்தகத்தில் இல்லையென்றால் ஆர்மி நம்பரைக் குறிப்பிட்டு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்கள்.

பதில் 2:
நான் ராணுவக்காரர் மகள். சண்டையை நாலு வரியில் முடித்துவிட்டு திண்ணைக்கு வாருங்கள். அப்பா தவறியபோது, ரெக்கார்டில் அம்மா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததால் பென்ஷன் நின்றுபோனது. "அது வேறு யாரோ" என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெரு ரிட்டயர்டு நாயக் ஒருவர்தான் அஃபிடவிட் எழுதி, கூடவே அலைந்து வாங்கிக் கொடுத்தார். இன்றுவரை அம்மா பொங்கலுக்கு முதல் கரும்பை அவர் வீட்டுக்குத்தான் அனுப்புகிறார். உங்கள் பெரியப்பாவிடம் மனு எழுதிக்கொண்டவர்களைப் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. தேதி கிடைத்துவிட்டது. அந்த யூனிட்டில் 1969 முதல் 1974 வரை இருந்திருக்கிறார். டாக்காவை எடுத்துவிட்டு பசந்தர் என்று எழுதுகிறேன். அந்த இரவில் அவர் என்ன செய்தார் என்று நானாக எதுவும் சேர்க்கப் போவதில்லை.

எதிர்வீட்டு ஆயாவைக் கேட்டேன். மனு எழுதி முடித்ததும் கார்பன் காப்பியை அவர் கையில் கொடுத்து, "இதைத் தொலைச்சிட்டு எங்கிட்ட வராதே" என்பாராம். தொலைத்துவிட்டுப் போய் நின்றபோது, முணுமுணுத்துக்கொண்டே தன் பெட்டியிலிருந்து இன்னொரு காப்பி எடுத்தாராம். எல்லாருடையதிலும் தனக்கு ஒன்று வைத்திருந்திருக்கிறார்.

ஆட்டோ காசு விஷயத்தை மட்டும் எழுதக் கூடாது என்கிறார் பெரியம்மா. எழுதத்தான் போகிறேன், அவர் திட்டியதையும் சேர்த்து.