மடிவீக்கத்துக்கு எடுத்த எடுப்பில் ஆன்டிபயாட்டிக் வேணுமா?

முக்கூடல் கறவை:
பாலில் லேசாகத் திரி, அதாவது சின்னக் கட்டிகள், விழுந்ததுமே கடையில் ஆன்டிபயாட்டிக் ட்யூப் வாங்கிக் காம்புக்குள் ஏற்றுகிறோம். ரெண்டு நாளில் பால் தெளிந்ததும் நிறுத்திவிடுகிறோம். இதில் சாவது மருந்துக்கு அடங்குகிற கிருமி, தப்புவது அடங்காத கிருமி. அடுத்த ஈத்தில் அதே மருந்து அதே காம்பில் பலிக்காது. கறக்கிற கை வழியாக அந்தக் கிருமி வீட்டு ஆட்களுக்கும் வரும். இந்தப் பழக்கத்தை விட்டே ஆகணும்.

மானூர்க்காரன்:
சொல்லுததுக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ராத்திரி மடி கல்லு மாதிரி இறுகி, மாடு காய்ச்சல்ல தீனி எடுக்காம நிக்கும்போது என்ன செய்யதாம்? விடியட்டும்னு விட்டா காம்பு செத்துப்போகும். காம்பு போன மாட்ட சந்தையில எவன் கேப்பான்?

முக்கூடல் கறவை:
காய்ச்சலோடு இறுகிய மடிக்கு மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதற்கு அன்றைக்கே மருத்துவர், ஊசி, அவர் சொன்ன நாள் முழுக்க. என் பேச்சு வெறும் திரி விழுகிற மடியைப் பற்றி.

முதலில் சோதியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூள் கரையுங்கள். முதல் பீச்சைத் தள்ளிவிட்டு நாலு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, அதே அளவு கரைசல் ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணியாக ஓடும். நோய்ப்பால் மூக்குச்சளி மாதிரித் திரண்டு கிண்ணத்தோடு இழுபடும். ஈன்ற முதல் வாரமும், பால் வற்றுகிற கடைசி நாட்களிலும் நல்ல பாலும் திரளும், அப்போது ஏமாறக் கூடாது.

திரண்ட காம்புக்கு சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரையுங்கள். செங்கல் நிறத்துக்கு வரும். மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, ஒரு கை விழுதைத் தண்ணீரில் கரைத்துத் தடவணும். நாளுக்குப் பத்து தடவை, அஞ்சு நாள்.

மானூர்க்காரன்:
பத்து தடவை தடவ ஆளு எங்க இருக்கு? ரெண்டு தடவை தடவிட்டு 'கத்தாழை கேக்கல'ன்னு ஊசிக்குத்தான் போவாங்க. ட்யூப்னா ஒரு நிமிச வேலை.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
அந்த ஒரு நிமிடத்தின் விலையைப் பாருங்கள். மருந்து போட்ட மாட்டின் பாலையும் இறைச்சியையும் இத்தனை நாள் விற்கக் கூடாது என்று ஒரு கெடு உண்டு. மருந்து உறையில் அது எழுதியிருந்தால் அதன்படி. எழுதாவிட்டால் நம் நாட்டு விதிப்படி மருந்து நிறுத்திய பின் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். எட்டு லிட்டர் மாட்டுக்கு 7 நாளில் 56 லிட்டர் போச்சு. அந்தப் பாலைப் பால் சங்கத்தில் ஊற்றுவது தப்பு. காய்ச்சினாலும் பெரும்பாலான மருந்துகள் போகாது. உறை ஊற்றினால் தயிர்கூடச் சரியாகத் தோயாது. வேறு மருந்து கேட்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கிற கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழித்தீவனத்தில் கலந்தே கெடுத்தோம். 2019இல் அரசு தடை போட வேண்டி வந்தது.

ராதாபுரம் கிடை:
ஆட்டுலயும் இதே கதைதான். ஆட்டுக்கொல்லி வைரஸ் நோய், அதை டெட்ராசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் கொல்லாது. பின்னால வார சளிக்கு மருத்துவர் சொன்னா போடலாம். மத்தபடி அதுக்குத் தடுப்பூசி, துள்ளுமாரி நோய்க்கு மழைக்கு முந்தியே தடுப்பூசி. இத விட்டுட்டு ஐப்பசியில கிடை முழுசுக்கும் ஊசி போடுதது வீண்.

முக்கூடல் கறவை:
ஆள் இல்லை என்றால் நோய் வராமல் பார்ப்பதுதான் வழி. கறந்ததும் காம்புத்துளை மூட அரைமணி ஆகும். அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். காம்பை அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, தீவனம் போட்டு நிற்க வையுங்கள். நோய்க்காம்பைக் கடைசியில் கறங்கள்.

மானூர்க்காரன்:
தீவனத்த கறந்தபிறகு போடுதது நல்ல ரோசனை, அத ஒத்துக்கிடுதேன். ஆனா மடி இறுகுன அன்னைக்கு எந்த மருந்து கேக்கும்னு எப்படித் தெரியும்?

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
முதல் ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சுகளைத் தள்ளி, கிருமிநீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து கொஞ்சம் கறந்தால் போதும். அதன்பின் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசியைப் போடலாம். குப்பியில் மாடு, காம்பு, தேதி எழுதி ராத்திரி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவிடாதீர்கள். காலையில் ஐஸோடு திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்கக் கேளுங்கள். முடிவு வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதைப் பார்த்து மருந்தை மாற்றுவதா, தொடர்வதா என்று மருத்துவர் சொல்வார்.